ஐந்தாவது கண்ணி

அக்டோபர் ஒன்பது. காலை ஆறு ஐம்பது.

சர்க்கரை ஆலைக்குப் போகிற பீட் கிழங்கு லாரியோடு களத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த டேல்தான் முதலில் பார்த்தான். அறுவடைக்கு வந்தவர்கள் டிரெய்லர் வீடுகளோடு தங்கியிருக்கும் முகாமிலிருந்து வரும் மண்சாலை ஒரு பள்ளத்தில் இறங்கி, இறங்கிய வேகத்திலேயே ரயில் மேட்டில் ஏறும். அந்தப் பள்ளத்தின் அடியில், ஒரு பச்சைப் பிக்கப் வண்டி வாய்க்காலில் மூக்கைக் குத்திக் கிடந்தது. அதன் வாலில் இருபத்தாறு அடி வீட்டு டிரெய்லர். பிக்கப்பின் நடுமுதுகு ஒடிந்திருந்தது.

டேல் லாரியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தவர் ஹார்லன் ப்ரூயிட். அறுபத்தெட்டு வயது. முகாமில் டேலுக்குப் பக்கத்து இடத்துக்காரர். முந்தின நாள் சாயங்காலம்தான், "உன் காபியைக் குடிச்சா செத்தவனும் எழுந்து ஓடிப்போயிடுவான்டா" என்று கேலி செய்தவர். டேல் அவர் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை.

ஏழு பத்துக்கு, கிழங்குக் களத்தில் இருந்த அவர் மனைவி வாண்டாவிடம் சொன்னார்கள். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை அவள் முறை. ஒவ்வொரு லாரியிலிருந்தும் சோதனைக்கான மாதிரிக் கிழங்கைப் பையில் பிடித்துக் கட்டுகிற வேலை. அவள் சேறு படிந்த கையுறைகளைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். அழவில்லை.

"வீட்டையும் இழுத்துக்கிட்டா போனாரு?" என்றாள். "எங்க போறதுக்கு?"

அறுவடை முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பெண்டாட்டி வேலையில் இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒருவன் கிளம்புகிறான் என்றால், கேட்பவர்களுக்குத் தோன்றுவது ஒன்றுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததே அவளுக்குக் கேட்டது.

காலை ஒன்பது பதினைந்து.

ஹெல்வர் ஊரில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை நிமிர்த்துகிற பட்டறை ஒன்றே ஒன்று. தோரா ஹெக்லண்டும் அவள் தம்பி ஓரினும் நடத்துகிறார்கள். தோராவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இரும்பைத் தூக்கித் தூக்கி வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்துவிட்டது. ஷெரிஃப் ஹாஃப் உள்ளே நுழைந்தபோது, அவர் தொப்பியைக் கழற்றாததைப் பார்த்தே இது காபி குடிக்க வந்த வரவு இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஓரின், அந்தப் பச்சை பிக்கப். நீதானே வெல்டு பத்தவெச்சே?"

"ஆமா. போன மாசம் இருபத்தாறாம் தேதி."

"எந்த இடத்துல?"

"கேபினுக்குப் பின்னால, அடிப்பக்கம். தலைமுடி மாதிரி ஒரு கீறல். பத்தவெச்சு, மேல ஒரு தகடும் போட்டேன்."

"அங்கதான் ஒடிஞ்சிருக்கு. ஹார்லன் செத்துட்டாரு."

ஓரின் கையிலிருந்த ஸ்பேனரை மெல்லக் கீழே வைத்தான்.

"அன்னைக்குக் குடிச்சிருந்தியா?"

"ஆறு வருஷமாச்சு, ஷெரிஃப்."

"நான் அன்னைக்கான்னு கேட்டேன்."

"இல்ல."

ஆறு வருடத்துக்கு முன் போதையில் வண்டியோட்டி ஒருவர் காலை ஒடித்து, எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன் ஓரின். இரண்டாம் தடவை என்றால் எட்டு மாதத்தோடு போகாது, எட்டு வருடம். அது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"சூடு பட்டு இரும்பு செத்துப்போச்சுன்னு எங்காளு சொல்றான்" என்றார் ஷெரிஃப். "அரசு வக்கீல் நாலரைக்கு வர்றாரு. அதுவரைக்கும் இவன் என்கூட இருக்கட்டும்."

"கொஞ்சம் இரு, ப்ரென்ட்" என்றாள் தோரா. ஷெரிஃபைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற உரிமை அவளுக்கு உண்டு. பள்ளியில் ஒரே பெஞ்சு. "தம்பி, அவர்கிட்ட நீ என்ன கேட்ட, அவர் என்ன சொன்னாரு? ஒண்ணு விடாம சொல்லு."

"டிரெய்லரோட மூக்குப் பக்கம் புதுசா பாரம் ஏதாச்சும் ஏத்தினீங்களான்னு கேட்டேன், அக்கா. சிரிச்சாரு. 'எங்க வீட்டம்மா போடுற ஊறுகாய் பாட்டில்தான்'னாரு. சங்கிலியை வழக்கமா மாட்டுற கண்ணிக்கு மேல இறுக்காதீங்கன்னேன். 'சிவப்புக் குறி இருக்குப்பா, அதுலதான் மாட்டுறோம்'னாரு."

"அவங்க வீட்டம்மா கூட இருந்தாங்களா?"

"இல்ல. அவர் மட்டும்தான். டிரெய்லரையும் கொண்டு வரல."

தோரா தலையாட்டினாள். அன்று அவள் ஊரில் இல்லை. இருந்திருந்தால் என்ற நினைப்பை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

காலை பத்து நாற்பது.

உடைந்த வண்டிகளை இழுத்துப் போடும் கொட்டடியில் பிக்கப்பும் டிரெய்லரும் தனித்தனியாக நின்றன. தோரா அட்டையை விரித்து அடியில் படுத்தாள்.

இழுக்கிற வேலை தெரிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி. டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் வாலை அழுத்தும். வால் தாழ்ந்தால் முன்சக்கரம் மண்ணைப் பிடிக்காது. அதற்காகத்தான் கொக்கியிலிருந்து பின்னோக்கி இரண்டு வில் கம்பிகள். அவற்றின் நுனியைச் சங்கிலியால் டிரெய்லர் சட்டத்தோடு மேலே இழுத்து மாட்டினால், பிக்கப்பின் வால் எழும்பி, பாரம் முன்சக்கரத்துக்கும் போய்ச் சேரும். சங்கிலியின் எத்தனையாவது கண்ணியில் மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சங்கிலி குட்டையானால் பிடி இறுகும். அளவோடு இறுக்கினால் வண்டிக்கு முதுகெலும்பு. அளவு மீறினால் அந்த முதுகெலும்புக்கே கேடு.

முதலில் தம்பியின் தகட்டைப் பார்த்தாள். விரலால் தடவினாள். பற்றவைத்த கோடு ஒரு புள்ளிகூடப் பிளக்கவில்லை. சேஸிஸ் ஒடிந்தது தகட்டுக்கு ஒரு சாண் முன்னால், குறுக்குச் சட்டம் மறைத்திருந்த ஒரு ஆணித் துளையில். ஒடிந்த முனையில் கீழே ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு, பழைய துரு. அதற்கு மேலே பளபளவென்று புது இரும்பு.

"இது எப்பவோ கீறியிருக்கு" என்று தனக்குத்தானே சொன்னாள். "இவன் கைவைக்கிறதுக்கு முந்தியே."

குறுக்குச் சட்டத்தைக் கழற்றாமல் அந்தக் கீறலைப் பார்க்க முடியாது. நானாக இருந்தால் கழற்றியிருப்பேனா?

எழுந்து தள்ளி நின்று பார்த்தாள். கேபினின் முதுகும் பின்பெட்டியின் நெற்றியும் மேலே ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. அடியிலோ வாய் பிளந்து கிடந்தது. பாரம் அழுத்தி வால் தாழ்ந்து ஒடிந்தால், மேலேதான் பிளக்கும். இது அடியில் பிளந்திருக்கிறது. யாரோ வாலைப் பிடித்து மேலே தூக்கி ஒடித்த மாதிரி.

கொக்கிக்குப் போனாள். அங்கே கிழங்குக் களத்துச் சேறு காய்ந்து கிடந்தது. துடைத்தாள். இரண்டு பக்கமும் சங்கிலி ஐந்தாவது கண்ணியில் மாட்டியிருந்தது. அந்தக் கண்ணியில் ரத்தச் சிவப்பில் ஒரு குறி, பொறுக்குத் தட்டாத புதுப் பூச்சு. கீழே ஏழாவது கண்ணியில் ஏதோ சுரண்டிய தடம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். சுரண்டலின் மூலையில் ஒரு எள்ளளவு, அதே சிவப்பு, வெளிறியது.

ஏழிலிருந்து ஐந்து. இரண்டு கண்ணி குட்டை.

பகல் பன்னிரண்டு பத்து.

முகாமில் ப்ரூயிட் தம்பதியின் இடம் காலியாக இருந்தது. டிரெய்லர் நின்ற இடத்தில் மட்டும் புல் மஞ்சளாக, நீளச் சதுரமாக. தண்ணீர்க் குழாய் கம்பத்தில் மாட்டியபடியே தரையில் நெளிந்து கிடந்தது. மின்கம்பி அதன் பெட்டியில் செருகியபடியே புல்லில் கிடந்தது.

டேல் ஒரு பீர் டப்பாவோடு வந்தான். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா, தொப்பி இல்லாத ஷெரிஃபா? தம்பியைக் காப்பாத்த வந்தீங்களா?"

"ஆமா. வேற யாரு காப்பாத்துவா? நீ வர்றியா?"

அவன் டப்பாவைப் பின்னால் மறைத்தான். "மன்னிச்சுக்குங்க. காலையிலேர்ந்து என் வாய் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"ஜனங்க என்ன பேசுறாங்க?"

"விட்டுட்டு ஓடினாருன்னு. நாப்பத்தி மூணு வருஷம் கட்டினவளை."

"நீ என்ன சொல்றே?"

"எனக்கென்ன தெரியும்? காலையில அஞ்சே முக்காலுக்குக் கிளம்பினேன். அப்ப அவர் தனியா கொக்கி மாட்டிக்கிட்டு இருந்தாரு. அந்த வேலையை அவர் செஞ்சு நான் பார்த்ததே இல்ல. கொக்கி அந்தம்மா, ஸ்டியரிங் இவர். அதான் இவங்க குடும்பச் சட்டம்."

தோரா குழாயைக் காட்டினாள். "இதை நீ எடுத்துப் போட்டியா?"

"இல்லையே. அவர் விட்ட மாதிரியே கிடக்கு."

"நீ முகாமை விட்டு ஒரேயடியா கிளம்பினா, முதல்ல என்ன செய்வே?"

"குழாயைச் சுருட்டுவேன், வயரைச் சுருட்டுவேன்..." டேல் நிறுத்தினான். குழாயையே பார்த்தான். "ஓ" என்றான்.

"போறவன் குழாயைச் சுருட்டிக்கிட்டுப் போவான். திரும்பி வர்றவன்தான் அப்படியே விட்டுட்டுப் போவான்" என்றாள் தோரா.

வாண்டா டேலின் டிரெய்லர் வாசலில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் வேலைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. முன்னால் ஒரு தகர டப்பா. ஒரு பேனா, அளக்கிற டேப், ஒரு சின்ன அட்டை, ஒரு சிவப்பு நகப்பூச்சுக் குப்பி. அவள் நகங்களில் சேறு இருந்தது. பூச்சு இல்லை.

"நீங்க அந்த வெல்டரோட அக்கா."

"ஆமாங்க."

"என் வாயில நல்ல வார்த்தை வராது. போயிடுங்க."

"திட்டுங்க. கேட்டுக்கறேன். நடுவுல ரெண்டு கேள்வி மட்டும்."

வாண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

"அந்த ரயில் பள்ளத்துல எப்பவும் எப்படிப் போவீங்க?"

"அதுக்கு முன்னாடியே நிறுத்துவாரு. நான் இறங்கி ரெண்டு சங்கிலியையும் அவிழ்ப்பேன். பள்ளத்துல வண்டி மேல ஏறும், வீடு கீழ இறங்கும். அப்ப கம்பி மாட்டியிருந்தா வண்டி முதுகை முறிச்சிடும். எல்லாருக்கும் தெரியும். அவிழ்த்துட்டு மட்கார்டுல ரெண்டு தட்டு தட்டுவேன். அதைக் கேட்டாத்தான் நகருவாரு. ஒரு தடவை தட்ட மறந்துட்டேன். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாரு, மனுஷன். 'நீ தட்டல'ங்கறாரு." அவள் உதடு ஒரு கணம் சிரிப்புக்குப் போய்த் திரும்பியது. "இன்னைக்கு யார் தட்டினா?"

"எடைச் சீட்டு எதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

வாண்டா அந்த அட்டையை நீட்டினாள். போன அறுவடையின்போது களத்து எடைமேடையில் டிரெய்லரை எடை போட்டது. ஆறாயிரத்து நூற்று நாற்பது பவுண்டு. அவளுடைய சின்னச் சின்ன எழுத்து. அதன் கீழே வரிசையாகத் தேதிகள், அங்குலக் கணக்குகள்.

"இது?"

"முன் மட்கார்டோட உயரம். ஒவ்வொரு தடவை மாட்டினதும் அளப்பேன். அவருக்குக் கண் மங்கிக்கிட்டு வருது. முன்னாடி தூக்கிக்கிட்டு நின்னா ரோடு தெரியாதுல்ல."

தோரா அந்த வரிசையைப் பார்த்தாள். ஜூலை நடுவில் ஒன்றேகால் அங்குலம் ஏறியிருந்தது. அடுத்த வரியிலேயே பழையபடி சரியாகிவிட்டிருந்தது. அட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

பிற்பகல் ஒன்று ஐம்பது.

களத்து எடைமேடையில் இரண்டு கிழங்கு லாரிகளுக்கு நடுவே, அந்த உடைந்த டிரெய்லரை இழுத்து வந்து நிறுத்தினார்கள். ஷெரிஃபும் வந்திருந்தார். எடைக் கூண்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"ஆறாயிரத்து ஐநூத்தி நாப்பது!"

"நானூறு கூட" என்றாள் தோரா.

"தண்ணித் தொட்டி நிறைஞ்சிருக்கும்" என்றார் ஷெரிஃப்.

"தட்டிப் பாரு."

தட்டினார். டமடமவென்று காலித் தகரச் சத்தம்.

"உள்ள எல்லாம் காலையிலேயே பார்த்தாச்சு தோரா. துணிமணி, சட்டி பானை. முன்பக்கக் கட்டிலுக்கு அடியில வெறும் ரஜாய்."

"ரஜாயைத் தூக்கினீங்களா?"

இருவரும் உள்ளே போனார்கள். டிரெய்லரின் மூக்குப் பக்கம், கட்டில் பலகையைத் தூக்கினார்கள். மூன்று ரஜாய்கள், அழகாக மடித்து, கயிற்றால் கட்டி. தோரா கயிற்றை அறுத்தாள். உள்ளே சாம்பல் நிறக் கருங்கல். பீடமும் பலகையுமாக இரண்டு துண்டு. ஒரு மூலைகூடச் சிதறவில்லை.

ஷெரிஃப் தொப்பியைக் கழற்றினார்.

கல்லில் செதுக்கியிருந்தது இதுதான்:

லூயெல்லா ப்ரூயிட்
அக்டோபர் 9 – அக்டோபர் 17
அம்மாவும் அப்பாவும் ஒவ்வொரு அறுவடைக்கும் வருவோம்

கல்லோடு ஒட்டிய ஒரு காகிதத்தில் ஹார்லனின் கோணல் எழுத்து: "இங்வால்ட், டிராக்டர், 7:30."

பிற்பகல் மூன்று மணி.

இங்வால்ட், பன்னிரண்டு மைல் தள்ளி வயல் நடுவில் இருக்கும் சின்னத் தேவாலயத்தின் கல்லறைகளைப் பார்த்துக்கொள்கிறவர். காது மந்தம். தோரா போனில் கத்த வேண்டியிருந்தது.

"வரேன்னாரு, வரலை!" என்று அவரும் கத்தினார். "ஏழரைக்கே டிராக்டரோட நின்னேன்! நாப்பத்தியொரு வருஷமா அந்தக் குழந்தைக்குத் தகரப் பட்டைதான். எழுத்துகூட அழிஞ்சுபோச்சு. 'எட்டரைக்குள்ள நட்டுடணும், அவ வேலை முடிஞ்சு பூவோட வருவா, வரும்போது கல்லு நிக்கணும்'னு சொன்னாரு! அவரைக் கொஞ்சம் குடுங்க, திட்டணும்!"

தோரா போனைக் காதிலிருந்து எடுத்து, சிறிது நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மீண்டும் காதில் வைத்து, சொன்னாள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை. ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது.

மாலை நாலு பத்து.

கொட்டடியில், அந்த டிரெய்லரின் பக்கத்தில், நாலு பேர். ஷெரிஃப், ஓரின், வாண்டா, தோரா. கல் இன்னும் உள்ளேதான் இருந்தது. வாண்டா ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள். பெயரின்மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிவிட்டு வந்திருந்தாள்.

"அவர் உங்களை விட்டுட்டுப் போகல" என்றாள் தோரா. "முதல்ல அதைச் சொல்லிடறேன். குழாயும் வயரும் அங்கேயேதான் கிடக்கு. எட்டரைக்குள்ள கல்லை நட்டுட்டுத் திரும்பி வர்ற மனுஷன். இந்தக் கல்லைக் கையால இறக்கி பிக்கப்ல வைக்கணும்னா நாலு ஆளு வேணும். நாலு ஆளுக்குத் தெரிஞ்சா முகாமுக்கே தெரிஞ்ச மாதிரி. அதான் வீட்டோட இழுத்துக்கிட்டுப் போனாரு."

வாண்டா கண்ணை மூடித் திறந்தாள்.

"ப்ரென்ட், என் தம்பி போட்ட தகடு அப்படியே இருக்கு. ஒடிஞ்சது அதுக்கு ஒரு சாண் முன்னால. அங்க உள்ளுக்குள்ள துரு. பழைய கீறல். ஓரின் பத்தவெச்ச கீறலும் இதுவும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. ரெண்டும் அடியிலேர்ந்து மேல போயிருக்கு. அப்படின்னா வாலை யாரோ விடாம மேல தூக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. ஜூலையிலேர்ந்து."

"தூக்கினது எது?"

"சங்கிலி. ஏழாவது கண்ணியில மாட்டினது அஞ்சுக்கு வந்திருக்கு. அது ஏன் வந்துச்சு? கல்லு ஏறினதும் மூக்கு கனத்துப்போச்சு. வண்டி வால் இறங்கி, முன்னாடி தூக்கிக்கிச்சு. அதைச் சரி பண்ண இறுக்கியிருக்காங்க. பார்க்க வண்டி சமமாத்தான் நிக்கும். அழகா நிக்கும். கல்லு கீழ அமுக்குது, சங்கிலி மேல இழுக்குது. நடுவுல இருக்கிற இரும்பு எத்தனை நாள் தாங்கும்? அதோட, இன்னைக்கு அந்தப் பள்ளத்துல சங்கிலியை அவிழ்க்கல. கடைசி அடி அதுதான்."

ஷெரிஃப் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே கேட்டார். "சங்கிலியை இறுக்கினது யாரு?"

தோரா ஓரினைப் பார்த்தாள். தம்பியின் முகத்தில் உயிர் திரும்பிக்கொண்டிருந்தது. அவனை மீட்க இதுவே போதும். இறுக்கியது யார் என்று சொல்வதால் அவனுக்குக் கூடப்போவதோ குறையப்போவதோ ஒன்றுமில்லை. பிறகு வாண்டாவின் கைகளைப் பார்த்தாள். பூச்சில்லாத நகங்கள்.

முப்பது வருடமாக, உடைந்த இரும்பைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொன்னவள் அவள். இன்று நிமிர்ந்து நின்று, "ஹார்லன்தான்" என்றாள். "கல்லை மறைக்க அவரே இறுக்கியிருக்காரு. எழுதிக்கோ."

ஷெரிஃப் எழுதத் தொடங்கினார்.

"இல்ல" என்றாள் வாண்டா.

மஞ்சள் சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்புக் குப்பியை எடுத்தாள். ஷெரிஃபிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அது அவள் உள்ளங்கையிலேயே இருந்தது.

"நான் என் வாழ்க்கையில நகத்துக்கு எதுவும் பூசினதில்ல. இது கண்ணிக்குப் பூச வாங்கினது. ஜூலையில முன்னாடி ஒன்றேகால் அங்குலம் தூக்கிச்சு. வில்லு பழசாயிடுச்சுன்னு நினைச்சேன். ரெண்டு கண்ணி இறுக்கினேன். பழைய குறியைச் சுரண்டிட்டு இதுல புதுசா வெச்சேன். அவர்கிட்ட சொல்லல. சொன்னா, வண்டிக்கு வயசாச்சேன்னு கவலைப்படுவாரு." அவள் தோராவைப் பார்த்தாள். "உங்களுக்கு மத்தியானமே தெரியும். அட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திருப்பிக் குடுத்தீங்க, அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல."

தோரா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஓரின்தான் பேசினான். குரல் உடைந்திருந்தது. "நான் அவர்கிட்ட சொன்னேன்மா, குறிக்கு மேல இறுக்காதீங்கன்னு. உங்ககிட்டயும் சொல்லியிருக்கணும். அவர்கிட்ட மட்டும் சொன்னேன்."

"அவர் உன் பேச்சைக் கேட்டாருப்பா" என்றாள் வாண்டா. "சிவப்புக் குறியைப் பார்த்து, சரியா அதுலயே மாட்டியிருக்காரு. நான் எங்க குறி வெச்சேனோ அங்க."

குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு அவளே சொன்னாள். "பள்ளத்துல அவிழ்க்கணும்னு அவருக்குத் தெரியும். ஆனா அது என் வேலை. என் வேலை நடக்கறதுக்காக ஒரு நிமிஷம் நிப்பாரு, அவ்வளவுதான் அவருக்குப் பழக்கம். இன்னைக்கும் நின்னிருப்பாரு. ரெண்டு தட்டு கேக்கலையேன்னு பார்த்திருப்பாரு. அப்புறம் ஞாபகம் வந்திருக்கும், நான் கூட இல்லன்னு. தட்டு வராதுன்னு கிளம்பியிருப்பாரு, தானே அவிழ்க்கணுங்கறது மட்டும் தோணியிருக்காது."

ஷெரிஃப் எழுதியதை அடித்தார். அந்தத் தாளைக் கிழித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டார்.

"விபத்து" என்றார். "வக்கீலுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஓரின், நீ வீட்டுக்குப் போ."

ஓரின் வீட்டுக்குப் போகவில்லை. ஐந்தரை மணிக்கு, வயல் நடுவே இங்வால்டின் டிராக்டர் கல்லை இறக்கியபோது, பீடத்தை மட்டம் பார்த்து நிறுத்தியது அவன்தான். மட்டப்பலகையின் குமிழி நடுவுக்கு வரும்வரை மண்ணைப் போட்டுப் போட்டு இடித்தான். வாண்டா பழைய தகரப் பட்டையைப் பிடுங்க விடவில்லை. கல்லுக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கட்டும் என்றாள். பக்கத்தில் இன்னொரு இடம் இருக்கிறதா என்று இங்வால்டிடம் கேட்டாள். அவருக்குக் காது கேட்கவில்லை. இரண்டாம் தடவை அவள் கேட்கவில்லை. கையால் அளந்து காட்டினாள். அவர் தலையாட்டினார்.

ஆறரைக்குத் தோரா அவளை முகாமில் கொண்டுவந்து விட்டாள். டேல் தன் டிரெய்லரைக் கூட்டிப் பெருக்கி, விரிப்பு மாற்றி, தான் லாரியில் படுத்துக்கொள்வதாகச் சொன்னான். சூப்பு சூடாக்கியிருந்தான். "காபி போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"போடு" என்றாள் வாண்டா.

மஞ்சள் புல் நீளச் சதுரம் அப்படியே இருந்தது. டேல் ஏதாவது செய்ய வேண்டுமே என்ற தவிப்பில், குனிந்து தண்ணீர்க் குழாயை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"டேல்" என்றாள் வாண்டா. "விடுப்பா. கிடக்கட்டும்."

அவன் தோராவைப் பார்த்தான். தோரா தலையை அசைத்தாள். அவன் சுற்றைப் பிரித்து, குழாயை மறுபடி புல்லில், முன்பு கிடந்த மாதிரியே நெளிய விட்டான்.